சிறிது தூரம் ஓடி நின்றுவிட்டது!

தமிழ்நாட்டில் எந்த ஊரில் திருட்டு நடந்தாலும், பேப்பரில் ஒரு வரி மட்டும் மாறாது. ‘மோப்ப நாய் வரவழைக்கப்பட்டது. அது சிறிது தூரம் ஓடி நின்றுவிட்டது. யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை.’

ஊர் மாறும். பீரோ மாறும். சவரன் கணக்கு மாறும். நாய் மட்டும் அன்றும் இன்றும் சிறிது தூரம்தான் ஓடும்! டீக்கடை பெஞ்சில் இதைச் சத்தமாகப் படிப்பவர், “இதுக்கு எங்க வீட்டு நாயே போதும்வே... அது நிக்காம ஓடும்” என்று கமெண்ட் அடிப்பார். எல்லாரும் சிரிப்பார்கள். அடுத்து சினிமாப் பக்கம்.

அது ஏன் நிற்கிறது? இதற்குப் பதில் தெரிந்துகொள்ள நான் சில மாதங்கள் திருடனாக இருந்தேன். பயப்படாதீர்கள். காலை ஐந்தரை மணி முதல் ஏழு மணி வரைக்கும் மட்டும்தான். சம்பளம், ஒரு டம்ளர் சுக்குக் காபி.

நண்பர் ஒருவர் சேரன்மகாதேவிக்காரர். வங்கியில் கேஷியர். ஒரு சிப்பிப்பாறைக் குட்டியை வாங்கி, மணி என்று பெயர் வைத்தார். அவருடைய மேனேஜரின் பெயரும் அதுவே என்பது தற்செயல் என்று இன்றுவரை சாதிக்கிறார். விடியற்காலையில் தாமிரபரணிக் கரையில் நின்று, “மணி, உட்கார்! மணி, எந்திரிக்காதே!” என்று அவர் உத்தரவு போடும்போது முகத்தில் பொங்குகிற திருப்தியை நீங்கள் பார்க்க வேண்டும். பத்து வருட கோபம் அங்கே தீர்கிறது.

முதலில் உட்கார்

திருடனைப் பிடிப்பதெல்லாம் அப்புறம். முதல் பாடம் உட்காருவது.

வேகவைத்த ஈரல் துண்டு ஒன்றைக் குட்டியின் மூக்குக்கு நேரே காட்டி, மெல்லத் தலைக்கு மேலே கொண்டுபோனால் தலை அண்ணாந்து உயரும். பின்பக்கம் தானாகத் தரையில் படியும். படிந்த அந்த விநாடியே ‘சபாஷ்’ சொல்லி ஈரலைக் கொடுக்க வேண்டும். மூன்று விநாடி தாமதித்தால் போச்சு. அதற்குள் அது எழுந்திருக்கும். எழுந்ததற்குத்தான் பரிசு என்று கணக்கு எழுதிக்கொள்ளும். மார்ச்சில் மாடாய் உழைத்ததற்கு அடுத்த தீபாவளியில் முதுகைத் தட்டிக்கொடுக்கும் ஆபீஸில் யாருக்கும் வேலை ஏன் ஓடுவதில்லை என்பது எனக்கு அங்கேதான் விளங்கியது.

(திருநெல்வேலி ஆயிற்றே, அல்வா கொடுக்கலாமே என்று கேட்காதீர்கள். அந்தச் சர்க்கரையும் நெய்யும் நாய்க்கு ஆகாது. ஆகவே அல்வா கொடுக்கிற பழக்கத்தை மனிதர்களோடு நிறுத்திக்கொள்ளவும்.)

இரண்டாவது விதி: ஒரு சொல், ஒரே தடவை. “உட்கார்... உட்கார்டா... ஏல, உட்காருன்னு சொல்லுதேன்லா!” என்று மூன்று முறை சொன்னால், மூன்றாவதுதான் நிஜமான உத்தரவு, முதல் இரண்டும் முன்னுரை என்று நாய் முடிவுகட்டிவிடும். மூன்றாவது விதி: ஒரேயடியாக ஒரு மணி நேரம் வேண்டாம், ஐந்து ஐந்து நிமிஷமாக மூன்று வேளை போதும்.

‘இரு’ என்ற பாடம்தான் இழுத்தடித்தது. முதலில் மூன்று விநாடி. பிறகு பத்து, பிறகு ஒரு நிமிஷம். அது நிலைத்த பிறகு நண்பர் ஓரடி, ஈரடி என்று விலகிப் போவார். அதுவும் நிலைத்த பிறகுதான் இடைஞ்சல். நேரம், தூரம், இடைஞ்சல் ஆகிய மூன்றையும் ஒரே நாளில் ஏற்றக் கூடாது. முதல் முறை ஆட்டு மந்தை கரையில் இறங்கியபோது, ஒரு நிமிஷம் உட்காரத் தெரிந்த மணி அரை விநாடிகூட இருக்கவில்லை. மறுநாள் மந்தைக்கு நூறு அடி தள்ளி, மறுபடி மூன்று விநாடியிலிருந்து ஆரம்பம்.

‘வா’ என்று கூப்பிட்டு, வந்ததும் திட்டுவது மகா பாவம். அடுத்த தடவை அது வராது. மேனேஜர் கூப்பிடும்போது நாமெல்லாம் பாத்ரூமுக்குள் நுழைந்துகொள்கிறோமே, அதே தத்துவம்.

பாடம் படிந்த பிறகு ஒவ்வொரு தடவையும் ஈரல் கிடையாது. நான்கு தடவைக்கு ஒன்று, அடுத்து இரண்டுக்கு ஒன்று, அப்புறம் ஏழுக்கு ஒன்று. எப்போது விழும் என்று தெரியாததால்தான் லாட்டரிச் சீட்டை மனிதர்கள் விடாமல் வாங்கினார்கள். மணியும் அப்படியே விடாமல் உட்கார்ந்தது. மூன்றாம் மாதம், மந்தை பக்கத்தில் போனபோதும் காது மட்டும் ஆடியது, பின்பக்கம் ஆடவில்லை. அன்று எனக்கு திருடன் வேலைக்கு ஆர்டர் வந்தது.

கண் நாய்க்கு மூக்குப் பாடம்

இங்கே ஒரு வில்லங்கம். விருதுநகர் மாவட்டத்துச் சிப்பிப்பாறை கிராமத்தின் பெயரைத் தாங்கிய இந்த ஜாதி, மூக்கை நம்புகிற ஜாதி அல்ல. கண்ணால் முயலைப் பார்த்து, நீண்ட காலை வீசி விரட்டிப் பிடிக்கிற ஜாதி. கன்னி நாயும் அப்படித்தான். நம்மூர் போலீஸ் இலாகாவில் காலங்காலமாக அல்சேஷன், டாபர்மேன், லாப்ரடார் என்று வைத்திருக்கிறார்கள். இதைப் போய் மோப்பத்துக்குப் பழக்குவதா என்று ஊரே சிரித்தது.

நண்பரின் பதில்: கண் நாய் என்றாலும் அதன் மூக்கு நம் மூக்கு இல்லையே? வாஸ்தவம். மனித மூக்கில் வாசனை அறியும் செல்கள் தோராயமாக 50 லட்சம். நாய்க்கு, ஜாதியைப் பொறுத்து, 20 கோடிக்கும் மேல் என்கிறார்கள். மணியின் பிரச்னை மூக்கு அல்ல. தலையைக் கீழே வைக்க மாட்டேன் என்ற பிடிவாதம்.

அதற்கும் வழி இருந்தது. ஈரப் புல்தரையில் ஒரு சதுரத்தை நன்றாக மிதித்து, அங்கிருந்து நேராக இருபது அடி எடுத்து வைப்பேன். ஒவ்வொரு காலடித் தடத்திலும் கடுகளவு ஈரல். கடைசியில் என் பழைய கைக்குட்டை. மணி தடம் தடமாகக் குனிந்து தின்றுகொண்டே வரும். மனித வாசனையும் மிதிபட்ட புல்லின் வாசனையும் சேர்ந்தால் சாப்பாடு என்று அதன் மண்டையில் பதியும். நாம் நடக்கும்போது கண்ணுக்குத் தெரியாத தோல் செதில்கள் உதிர்ந்துகொண்டே இருக்கின்றன. காலடியில் புல்லும் மண்ணும் நசுங்குகின்றன. இதெல்லாம் சேர்ந்ததுதான் நம்முடைய ‘ரூட்’.

இரண்டாம் வாரம், இரண்டு தடத்துக்கு ஒரு முறை ஈரல். மூன்றாம் வாரம், ஐந்துக்கு ஒன்று. நான்காம் வாரம் ஒரு திருப்பம். திருப்பத்தில் மணி நேரே ஓடி, வாசனை அறுந்ததும் திகைத்து, ஒரு வட்டமடித்து, மறுபடி பிடித்தது. அந்த வட்டத்தைப் பார்க்கிற சந்தோஷம் இருக்கிறதே, பேலன்ஸ் ஷீட் டாலியான மாதிரி! அப்புறம் தடத்தைப் பழசாக்கினோம். நான் நடந்து பத்து நிமிஷம் கழித்து, அப்புறம் அரைமணி, ஒரு மணி. குறுக்கே வேறு ஆள் நடந்த தடம்.

வெயில்தான் எதிரி. ஏழரை மணிக்கு மேல் மணி நாக்கைத் தொங்கப்போட்டுவிடும். வாயால் மூச்சு வாங்குகிற நாய் எங்கே மோப்பம் பிடிக்க? ஜூனில் பொதிகைப் பக்கமிருந்து சாரல் காற்று வீசிய நாட்களில் ஈரம் இருந்தது. ஆனால் காற்று வாசனையைத் தடத்துக்கு நாலு அடி தள்ளிப் போட்டது. மணி அங்கேதான் ஓடியது. தப்பு அதன் பேரில் இல்லை.

தார் ரோடு இன்னும் மோசம். 1993-ல் நார்வேக்காரர்கள் ஓர் ஆராய்ச்சி செய்தார்கள். பழக்கிய நாய்களை மனிதத் தடத்துக்குக் குறுக்கே கொண்டுவந்து விட்டால், இரண்டு முதல் ஐந்து காலடிகளை, மூன்று முதல் ஐந்து விநாடி முகர்ந்து, ஆள் எந்தத் திசையில் போனான் என்று சரியாகச் சொல்லிவிட்டன. கெட்டிக்கார நாய்கள்தான். ஆனால் அவர்கள் கொடுத்த தடத்தின் வயதைக் கவனியுங்கள்: புல்தரையில் 20 நிமிஷம், கான்கிரீட்டில் 3 நிமிஷம்!

இப்போது நம் பேப்பர் செய்திக்கு வருவோம். திருட்டு ராத்திரி. தெரிவது காலையில். நாய் வருவதற்குள் அந்த வீட்டுக்குள் சொந்தக்காரர், அக்கம்பக்கம், கவுன்சிலர், துக்கம் விசாரிக்க வந்தவர் என்று நாற்பது பேர் நடந்திருப்பார்கள். வாசலுக்கு வெளியே தார் ரோடு. ரோட்டோரம் திருடன் பைக்கில் ஏறியிருந்தால் தடம் அங்கேயே முடிந்தது. அதற்கு மேல் நாய் எதைப் பிடித்துக்கொண்டு ஓடும்? பெட்ரோல் பங்க்குக்கா?

வாழைத்தோப்பில் ஒரு பெரியவர்

ஐந்தாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கரையில் பத்துப் பதினைந்து பேர் வேடிக்கை. நான் அரைமணி முன்னதாகவே நடந்து, படித்துறைக் கல் மண்டபத்தின் பின்னால் ஒளிந்துகொண்டேன். வழக்கமாக நான் ஒளிவது எதிர்ப்பக்கத்து வாழைத்தோப்பில். அன்றும் அங்கேதான் இருப்பேன் என்று நண்பருக்கு நிச்சயம். கூட்டத்திடமும் அப்படியே சொல்லியிருக்கிறார்.

பாதை பிரிகிற இடத்தில் மணி மூக்கை மண்டபத்துப் பக்கம் திருப்பியது. தூணிடுக்கில் எனக்கு நன்றாகத் தெரிந்தது. நண்பரின் கால் நின்றது. கயிறு லேசாக இறுகியது. அவ்வளவுதான். மணி அண்ணாந்து அவர் முகத்தைப் பார்த்தது. அவர் பார்வை தோப்பில். மணி தோப்புக்குள் ஓடி, இலை அறுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் முன்னால் போய், கற்றுக்கொடுத்தபடி ‘டக்’கென்று உட்கார்ந்தது.

விளையாட்டுதான். எதுவும் திருட்டுப் போகவில்லை. இருந்தும் பெரியவரின் கை நடுங்கியது. “யய்யா, நான் இல அறுக்க வந்தவன்யா... எதையும் எடுக்கலயே” என்றார். கூட்டத்தில் ஒருவர், “போன மாசம் பம்ப்செட் ஒயரு காணாமப் போச்சுல்லா?” என்று ஆரம்பித்தார். இன்னொருவர், “நாய் பொய் சொல்லுமாவே?” என்றார். ஒரு பையன் செல்போனில் படமே பிடித்துவிட்டான். நான் மண்டபத்திலிருந்து ஓடி வந்து, “திருடன் நான்தான்!” என்று கத்த வேண்டியிருந்தது. வாழ்க்கையில் அந்த வசனத்தை அவ்வளவு அவசரமாக யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நண்பர் அந்தப் பையனை நிறுத்தி, படத்தை அழிக்க வைத்தார்.

நாய் பொய் சொல்லாது. ஆனால் எஜமானருக்கு எது பிடிக்குமோ அதைச் சொல்லும். ஈரல் வருவது அவர் கையிலிருந்துதானே?

2011-ல் அமெரிக்காவில், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்து ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். போதைப்பொருளையும் வெடிமருந்தையும் மோப்பம் பிடிக்கும் 18 நாய்களும் அவற்றின் பயிற்சியாளர்களும் ஒரு கட்டடத்தில் தேடினார்கள். ‘சரக்கு ஒளித்திருக்கலாம், சிவப்புக் காகிதம் ஒட்டிய இடம்தான் அடையாளம்’ என்று பயிற்சியாளர்களிடம் சொல்லியாயிற்று. நிஜத்தில் எங்குமே எதுவும் இல்லை. 144 தேடல்களில், ‘இதோ இருக்கிறது’ என்று வந்த தகவல்கள் 225. அத்தனையும் தப்பு!

நம் உச்ச நீதிமன்றம் இதைப் பற்றி முன்பே யோசித்திருக்கிறது. 1969-ல் அப்துல் ரசாக் என்பவரின் வழக்கில், நாய் கூண்டிலேறிச் சாட்சி சொல்லவோ குறுக்கு விசாரணைக்குப் பதில் சொல்லவோ முடியாது. ஒரு மனிதனின் உயிரும் சுதந்திரமும் நாயின் அனுமானத்தை நம்பியிருக்கலாமா என்ற ஆட்சேபணைகளை எடுத்துப் பேசி, இந்தச் சாட்சியத்துக்குப் பெரிய மதிப்பில்லை என்றது. 2001-ல், ஆந்திரத்து வழக்கு ஒன்றில், நாய் மட்டுமல்ல, அதைப் பிடித்திருப்பவரும் தவறலாம் என்று சொன்னது. போலீஸ் துப்புத் துலக்க நாயைக் கூட்டிப் போகலாம். கோர்ட் அதன் பின்னால் ஓட முடியாது என்பது சாரம். எங்கள் காமர்ஸ் பாஷையில், நாய் காட்டுவது வெறும் என்ட்ரி. வவுச்சர் தனியாக வேண்டும்.

கயிற்றுக்கு இந்தப் பக்கம்

அந்த ஞாயிறுக்குப் பிறகு பயிற்சி மாறியது. மணிக்கு அல்ல, நண்பருக்கு. எங்கே ஒளிவது என்று நான் சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுப்பேன். அவருக்குச் சொல்ல மாட்டேன். கூட்டத்துக்கும் தெரியாது. முப்பது அடிக் கயிற்றைத் தளரவிட்டு, நாய்க்குப் பின்னால் மட்டுமே அவர் நடக்க வேண்டும். சில நாள் யாருமே நடக்காத இடத்தில் மணியை விடுவோம். அது தேடிப் பார்த்துவிட்டு நின்றால், அதற்கும் ஈரல்.

நோட்டில் மூன்று காலம் போட்டேன். பிடித்தது, தப்பாகக் காட்டியது, நின்றது. ஆரம்பத்தில் நடுக் காலம் கனமாக இருந்தது. எஜமானர் முகத்தில் விடை இல்லாததால் மணி திணறியது. சில வாரம் போனதும் பார்வையை அவரிடமிருந்து எடுத்துத் தரையில் வைத்தது. நடுக் காலம் மெலிந்தது. மூன்றாவது காலம் கொஞ்சம் பெருத்தது. நண்பருக்கு முதலில் அதில் வருத்தம். ‘தெரியவில்லை’ என்று சொல்லக் கற்றுக்கொண்ட ஊழியன் எத்தனை ஆபீஸில் கிடைப்பான் என்று கேட்டேன். சமாதானமானார்.

பெரியவர் இப்போதும் அதே தோப்பில் இலை அறுக்கிறார். மணி அந்தப் பக்கம் வந்தால் வேலையை நிறுத்திவிட்டு, அது கடந்து போகும்வரை அசையாமல் நிற்கிறார். நண்பர் பல முறை மன்னிப்புக் கேட்டாயிற்று. “அதனால என்னய்யா” என்கிறார். ஆனாலும் நிற்கிறார்.

அடுத்த முறை பேப்பரில் ‘சிறிது தூரம் ஓடி நின்றுவிட்டது’ என்று படித்தால் தாராளமாகச் சிரியுங்கள். நம் பெஞ்சுக்கு அந்த உரிமை உண்டு. ஆனால், ‘நேராக ஒருவர் வீட்டுக்குள் போய் நின்றது’ என்று படிக்கும்போது மட்டும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஒன்று கேட்டுப் பாருங்கள்: நாய் கிளம்புவதற்கு முன்பே கயிற்றைப் பிடித்திருந்தவரிடம் யாராவது அந்த வீட்டுக்காரர் பெயரைச் சொல்லியிருந்தார்களா?