சம்பளம் எங்கே, மண் எங்கே?

ஆஸ்திரேலிய ரக்பி லீக்கில் முன்பு, நம் ரயில்வே ரஞ்சி அணியைப் போல, எங்கே சம்பளமோ அந்த மாநிலத்துக்குத்தான் ஆட்டம். சிட்னி கிளப்புகளிடம் பணம் அதிகம். அங்கே பிழைக்கப் போன குவீன்ஸ்லாந்து வீரர்கள், நியூ சவுத் வேல்ஸ் அணியில் சேர்ந்து சொந்த மண்ணையே எதிர்த்து ஆடினார்கள்.

1980-இல் முதலிரண்டு ஆட்டங்களிலும் குவீன்ஸ்லாந்து தோற்றது. மூன்றாவதற்கு மட்டும், வீரர் முதன்முதலில் ஆடிய மாநிலமே அவர் மாநிலம் என்று விதியை மாற்றினார்கள். கேப்டன் ஆர்தர் பீட்சன், ரோமா ஊர்க்காரர். வயது 35, கிளப்பிலோ இரண்டாம் அணியில்தான் இடம். ஃபார்ம் இல்லாதவரை எடுக்கலாமா? நான் தேர்வாளராயிருந்தால் தயங்கியிருப்பேன். ஜூலை 8 அன்று பிரிஸ்பேனில் அவர், தன் கிளப் தோழர் மிக் க்ரோனின் என்றும் பாராமல் மோதினார். குவீன்ஸ்லாந்து 20-10 என்று வென்றது. 1982 முதல் மூன்று ஆட்டங்களுக்கும் அதே விதி.