ஏரிக்கும் ஒரு ஆடிட்டர் வேண்டும்!

பிரம்மா தன்னை விட்டுவிட்டு யாகம் பண்ணுகிறாரே என்று சரஸ்வதிக்குக் கோபம். வேகவதி ஆறாகப் பெருக்கெடுத்து யாகத்தைக் கலைக்க ஓடி வந்தாள். பெருமாள் குறுக்கே படுத்துத் தடுத்தார். காஞ்சிபுரம் திருவெஃகாவில் இன்றைக்கும் படுத்துக்கொண்டுதான் இருக்கிறார். ஆனால் இப்போது வேகவதியைத் தடுக்க அவர் சிரமப்பட வேண்டியதே இல்லை. பிளாஸ்டிக் பை, கிழிந்த தலையணை, கட்டிட இடிபாடு, ஆகாயத் தாமரை எல்லாம் அந்த வேலையை ஏற்றுக்கொண்டுவிட்டன!

வேகவதிக்கு ஒரு தங்கை உண்டு என்றால் அது ஊருக்குள் ஓடும் மஞ்சள் நீர் கால்வாய். என்ன மங்கலகரமான பேர்! ஆனால் அதில் வீட்டுக் கழிவும் சாயத் தண்ணீரும் கலந்து ஓடிய கதையை உள்ளூர்க்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சொல்வார்கள். ஊர்க் கழிவெல்லாம் போய்ச் சேர்ந்த இடம் நத்தப்பேட்டை ஏரி.

இந்த மாதிரி ஏரிகளின் கரையில் சில பேரை நீங்கள் பார்த்திருக்கலாம். பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிவிட்டு, ஒரு கையில் பாட்டில், மறு கையில் குழாய், சேற்றில் இறங்கி நிற்பார்கள். கரையில் போகிறவர் சும்மா இருப்பாரா?

"என்ன சார், மீன் மாட்டுச்சா?"

"இல்லைங்க, சேறு எடுக்கிறோம்."

"சேறா? வீட்டுல குழந்தைங்க இருக்கா சார்?" - சந்தேகம் மனநிலையைப் பற்றி!

இவர்கள்தான் ஈரநிலங்களையும் மண்ணையும் ஆராய்கிறவர்கள். பி.காம். படித்த எனக்கு இவர்களைப் பார்த்தால் ஆடிட்டர் ஞாபகம்தான் வருகிறது. ஆடிட்டர் வவுச்சரைப் புரட்டுகிறார். இவர்கள் சேற்றைப் புரட்டுகிறார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

என்ன பார்க்கிறார்கள்?

முதலில் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன். மீன்கள் பிழைக்க வேண்டுமென்றால் ஒரு லிட்டருக்கு 4 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்கிறது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். கழிவு வந்து சேர்ந்தால் என்ன ஆகும்? நம் ஊர்ச் சரக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். கச்சாப் பட்டு நூலில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு பிசின். சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்க வைத்து அதை எடுத்தால்தான் பட்டுக்கு மினுமினுப்பு. பிசின் கொதித்த தண்ணீரோடு போய்விடும். பிசின் விஷமில்லை. ஆனால் பாக்டீரியாவுக்கு அது கல்யாண விருந்து. ஒன்று சாப்பிட வந்தால் கோடி சாப்பிட வரும். விருந்தாளிகள் சாப்பிடுவதோடு நிறுத்தாமல் மூச்சும் விடுவார்களே! தண்ணீரிலிருக்கும் ஆக்சிஜனை எல்லாம் அவர்களே இழுத்துவிட, மீன் மிதக்கிறது. வீட்டுச் சாக்கடையும் இதே வேலையைத்தான் செய்கிறது, இன்னும் மும்முரமாக.

அடுத்து, அடிச்சேற்றில் குடியிருப்பவர் யார் என்று பார்க்கிறார்கள். வகைவகையான பூச்சிக் குஞ்சுகள் இருந்தால் ஏரி சௌக்கியம். வெறும் சிவப்புப் புழு மட்டும் நெளிந்தால் ஆபத்து. அதன் உடம்பில் நம்மைப் போலவே ஹீமோகுளோபின் இருப்பதால், மற்றவை மூச்சுத் திணறிச் செத்த இடத்திலும் அது ஜாலியாக வாழும்.

கடைசியாக உலோகக் கணக்கு. ஈயம், குரோமியம் போன்றவை மக்கிப் போகாது. தண்ணீர் தெளிந்துவிட்டது என்று நாம் சந்தோஷப்படும்போது அவை சேற்றுக்குள் பத்திரமாக உட்கார்ந்திருக்கும். கடன் பத்திரத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டினால் கடன் தீர்ந்துவிடுமா என்ன?

'சேற்றை அளந்து என்ன சார் ஆகப் போகிறது?' என்று கேட்பவர்கள் பாலாற்றின் கதையைக் கேட்க வேண்டும்.

காஞ்சிப் பட்டின் பளபளப்புக்குப் பாலாற்றுத் தண்ணீர்தான் காரணம் என்று பெருமையாகச் சொல்வோம். அந்தப் பாலாறு நம்மிடம் வருவதற்கு முன்னால் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை என்று தோல் பதனிடும் ஊர்களை எல்லாம் விசாரித்துவிட்டு வருகிறது. கிணறு கெட்டது, பயிர் கருகியது என்று விவசாயிகள் வருஷக் கணக்கில் புலம்பினார்கள். புலம்பலுக்கு ஏது ரசீது?

1991-ல் வேலூர் குடிமக்கள் நலமன்றம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு. அதைப் படித்தால் சேறு அளந்தவர்களின் மகிமை புரியும். தோல் ஆலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியோ முழுசோ கெட்டுவிட்டது என்று வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் போட்ட கணக்கு அதில் இருக்கிறது. திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் 467 கிணறுகளைப் பார்த்து, 350 கெட்டுப்போனது என்று ஒரு தொண்டு நிறுவனம் எண்ணிச் சொன்னதும் இருக்கிறது. 'மாசு செய்தவனே பணம் கட்ட வேண்டும்' என்றது கோர்ட். ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம். அதில் காஞ்சிபுரம் அப்போது இருந்த செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டமும் ஒன்று!

பேச்சு ஜெயிக்காத இடத்தில் எண்ணிக்கை ஜெயித்தது.

சரி, ஜெயித்தாயிற்று. மண் சுத்தமாகிவிட்டதா? அங்கேதான் இடிக்கிறது. ராணிப்பேட்டையில் தோல் ஆலைகளுக்கு ரசாயனம் தயாரித்த தமிழ்நாடு குரோமேட்ஸ் கம்பெனி 1990-களில் மூடப்பட்டது. விட்டுப்போன சொத்து, ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவு. பத்து டன் லாரியில் ஏற்றினால் பதினைந்தாயிரம் நடை! ஆலை மூடிக் கால் நூற்றாண்டு போன பிறகும் குவியல் அங்கேயே கிடந்தது. மழை பெய்யப் பெய்ய நிலத்தடியில் இறங்கியது.

குரோமியம் நம் சினிமா டபுள் ஆக்ட் மாதிரி. மூன்றாம் நிலைக் குரோமியம் சாது; பெரும்பாலும் இருந்த இடத்தில் இருக்கும். ஆறாம் நிலைக் குரோமியம் வில்லன். தண்ணீரில் கரைந்து ஓடும், புற்றுநோய் தரும். இரும்பு சல்பேட் போன்றவற்றைக் கலந்து வில்லனைச் சாதுவாக மாற்றுவது ஒரு வைத்தியம். மண்ணையே தோண்டிக் கழுவுவது இன்னொன்று. செடி வைத்து உறிஞ்சுவது மூன்றாவது. கடுகுச் செடி ஈயத்தை உறிஞ்சும் என்று 1990-களிலேயே ஆராய்ந்தார்கள். ஒரு வகைப் பெரணிச் செடி ஆர்செனிக்கை வாரி இழுப்பதை ஃபுளோரிடா ஆராய்ச்சியாளர்கள் 2001-ல் கண்டார்கள். ஆனால் பல அறுவடை, பல வருஷம் ஆகும். அறுத்த செடியை மாட்டுக்கும் போட முடியாது, பத்திரமாக அப்புறப்படுத்த வேண்டும். கெடுக்க ஒரு குழாய் போதும். திருத்த ஒரு தலைமுறை!

பாலாற்று வழக்கு இன்னும் ஓயவில்லை. 2025 ஜனவரி 30-ல் சுப்ரீம் கோர்ட் மறுபடியும் அரசைக் கூப்பிட்டு, பாதிக்கப்பட்டவர்களுக்கு நஷ்டஈடு கொடு, அதை மாசு செய்தவர்களிடம் வசூலி என்று உத்தரவிட்டது. முதல் தீர்ப்பில் பிறந்த குழந்தைக்கு 28 வயசு!

கணக்கு ஒழுங்காக இருந்தால் எப்படி என்பதற்கும் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. 2019-ல் மாவட்டம் பிரிந்தபோது செங்கல்பட்டுப் பக்கம் போன வேடந்தாங்கல். அங்கே ஜனங்கள் பறவையைச் சுடவிடாமல் காத்ததை ஏற்று 1798-லேயே கலெக்டர் லயனல் பிளேஸ் பாதுகாப்பு ஆணை கொடுத்தார். காரணம் வெறும் ஜீவகாருண்யம் இல்லை; பறவை எச்சம் ஏரியில் கரைந்து வயலுக்கு இலவச உரமாகப் பாய்ந்தது. ஏரி அவர்களுக்கு வட்டி கொடுத்தது, அவர்கள் முதலில் கை வைக்கவில்லை. 2022-ல் அது ராம்சார் ஈரநிலமாகவும் ஆகிவிட்டது.

நத்தப்பேட்டைக்கு அந்தப் பட்டம் உடனே வேண்டாம். ஒரு சின்ன போர்டு போதும். ரேஷன் கடை வாசலில் அரிசி இருப்பு, சர்க்கரை இருப்பு எழுதுகிறார்கள் இல்லையா? அது மாதிரி ஏரிக்கரையில் மாதாமாதம் எழுதட்டும்: ஆக்சிஜன் இவ்வளவு, சேற்றில் குரோமியம் இவ்வளவு, போன மாதம் இவ்வளவு. ஆராய்ச்சியாளர்களின் கணக்கு ஃபைலில் தூங்காமல் டீக்கடைக்கு வரட்டும்.

'ஆக்சிஜன் ரெண்டுக்கு வந்துடுச்சாமே, யாருப்பா திறந்துவிட்டது?' என்று டீக்கடையில் நாலு பேர் கேட்க ஆரம்பித்தால், குழாயைத் திறக்கிற கை கொஞ்சம் நடுங்கும். அதற்கு இரும்பு சல்பேட்டை விடச் செலவு குறைவு!