தாகம் எடுக்கும்வரை காத்திருக்காதீர்கள்!

போன சித்திரையில் ஒரு சித்தாள் அம்மாவை அவருடைய மகள் என்னிடம் அழைத்து வந்தாள். நீர்க்கடுப்பு, தலைவலி, காலில் குரக்களி.

"ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறீங்கம்மா?"

"காலைல வீட்ல ஒரு சொம்பு. அப்புறம் சாயங்காலம் வந்துதான் ஐயா."

"இந்த வெயில்லயா? ஏம்மா?"

தலையைக் குனிந்துகொண்டார். மகள்தான் சொன்னாள்: "வேலை செய்யற எடத்துல ஒதுங்க மறைவு இல்லீங்க ஐயா."

நீர்க்கடுப்புக்கு மருந்து கொடுத்துவிட்டேன். ஆனால் அவருடைய நோய்க்குப் பாதி மருந்து என் மருந்துப் பெட்டியில் இல்லையே!

உங்கள் வீட்டிலும் கொத்தனாரோ, தள்ளுவண்டி வியாபாரியோ, போக்குவரத்துக் காவலரோ இருக்கலாம். அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

உடம்பில் என்ன நடக்கிறது?

வியர்வை ஆவியாகும்போதுதான் உடம்பு குளிர்கிறது. கடலோர ஊர்களின் புழுக்கத்தில் வியர்வை வழியுமே தவிர, சுலபத்தில் காயாது. அதனால் சூடு உள்ளேயே தங்கிவிடும். வியர்வையோடு தண்ணீரும் உப்பும் வெளியேறுவதால் முதலில் தசைப்பிடிப்பு, பிறகு கிறுகிறுப்பு, வாந்தி, அசதி வரும். இதை அலட்சியம் செய்தால் உடம்பின் உட்சூடு 104 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டி, பேச்சு குழறும், வலிப்பு வரும், நினைவு தப்பும். இதுதான் 'ஹீட் ஸ்ட்ரோக்'. உயிருக்கே ஆபத்து!

எப்படிக் குடிப்பது?

தாகம் எடுத்த பிறகு குடிக்கலாம் என்று இருக்காதீர்கள். வெயிலில் வேலை செய்பவர்கள் 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். அதற்காக ஒரேயடியாகக் குடம் குடமாகக் குடிப்பதும் தப்பு. மணிக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்ட வேண்டாம்.

காலையில் உப்புப் போட்ட நீராகாரம், சின்ன வெங்காயம். பதினோரு மணிக்கு நீர்மோர். நம் பாட்டிமார் காட்டிய வழி இது. பானகமும் நன்னாரி சர்பத்தும் நல்லதுதான், ஆனால் சர்க்கரை நோயாளிகளுக்கு வேண்டாம். ரத்தக் கொதிப்பு, இதய நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் உப்பு, தண்ணீர் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். டீயை மட்டுமே நம்பி இருக்காதீர்கள். 'அசதிக்கு' என்று ராத்திரி மது குடித்துவிட்டு மறுநாள் வெயிலில் இறங்குவது வினையை விலைக்கு வாங்குவதுதான்.

சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போனால் பயமில்லை. அடர் மஞ்சளானால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். கடுங்காப்பி நிறத்தில் போனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

புதுசா வேலைக்கு வந்தவரா?

வெயிலால் ஏற்படும் சாவுகளில் பெரும்பகுதி வேலைக்குச் சேர்ந்த முதல் சில நாட்களில்தான் நடக்கிறது. வெயில் பழக உடம்புக்கு ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். அதனால் முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் வெயில் வேலை கொடுத்து, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். ஊருக்குப் போய் நீண்ட நாள் கழித்துத் திரும்பியவருக்கும் இது பொருந்தும். கடினமான வேலையைக் காலையிலேயே முடித்துவிட்டு, 12 முதல் 3 மணி வரை நிழலில் இருப்பது உத்தமம். தளர்வான பருத்தி உடை, தலையில் ஈரத்துண்டு மறக்க வேண்டாம்.

ஒருவர் மயங்கி விழுந்தால்...

சித்த மருத்துவன் நானே சொல்கிறேன், அந்த நேரத்தில் சூரணம், லேகியம் என்று தேடிக்கொண்டிருக்காதீர்கள். காய்ச்சல் மாத்திரையும் உதவாது. 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை சும்மா நிற்காமல், நிழலுக்குத் தூக்கிச் சென்று, உடையைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ் வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது, புரையேறிவிடும்.

2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. ஆபத்து அவ்வளவு பெரிது.

அந்த அம்மா? மகள் மேஸ்திரியிடம் பேச, அவர் வீட்டுக்காரரிடம் சொல்ல, நாலு தகரம் வைத்து மறைவு கட்டி ஒரு கழிவறை போட்டார்கள். இரண்டு வாரம் கழித்து வந்தவர், "இப்ப பயமில்லாம தண்ணி குடிக்கிறேங்க ஐயா" என்றார்.

உங்கள் வீட்டில் கட்டட வேலை நடக்கிறதா? ஒரு பானைத் தண்ணீர், கொஞ்சம் நிழல், ஒரு கழிவறை. இந்த மூன்றையும் முதலில் செய்து கொடுத்துவிட்டு, அப்புறம் கடைக்கால் தோண்டச் சொல்லுங்கள்!