பூச்சிக்குச் சிலை எடுத்த ஊர்

அரசர்களுக்குச் சிலை வைப்பார்கள், தலைவர்களுக்கு வைப்பார்கள். வயலைப் பாழாக்கிய வண்டுக்கு யாராவது வைப்பார்களா? அமெரிக்காவில், அலபாமா ராஜ்யத்திலுள்ள எண்டர்பிரைஸ் என்ற ஊரார் 1919-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ந் தேதி வைத்தார்கள்.

பருத்தியையே நம்பிப் பிழைத்த சீமை அது. 1892 வாக்கில் மெக்ஸிகோவிலிருந்து டெக்ஸாஸுக்குள் நுழைந்த கூன்வண்டு, 1915-இல் அங்கே வந்து சேர்ந்தது. கால் அங்குலம்தான் இருக்கும். பெண் வண்டு தன் நீண்ட மூக்கால் பருத்திச் சப்பையைத் துளைத்து முட்டையிடும். புழு உள்ளேயே இருந்து தின்னும். சப்பை மஞ்சளித்து உதிரும். மேலே தூவும் மருந்து உள்ளே இருக்கும் புழுவை எட்டாது. நல்ல வேளை, இந்த வண்டு இந்தியாவுக்கு வரவில்லை. நம் பருத்திக்குக் காய்ப்புழுக்களே போதும்!

1916-இல் செஷன்ஸ் என்ற உள்ளூர்ப் பிரமுகர், கடனில் மூழ்கியிருந்த பாஸ்டன் என்ற விவசாயியை நிலக்கடலை போடச் சம்மதிக்க வைத்தார். முதல் மகசூலிலேயே கடன் அடைந்தது. பார்த்தவர்கள் விதைக்கு ஓடிவந்தார்கள். ஊர் நிமிர்ந்தது, நன்றி சொல்லச் சிலையும் எழுந்தது. வேடிக்கை என்னவென்றால், முதலில் அதில் வண்டே இல்லை, ஒரு பெண்ணுருவம் மட்டுமே! உயர்த்திய அவள் கைகளில் 1949-இல்தான் வண்டை ஏற்றினார்கள்.

ஆனால் பயிரை மாற்றச் சொந்த நிலம் வேண்டும். வாரத்துக்கு உழுத கறுப்பின மக்களில் பலருக்கு அது ஏது? நிலக்காரர் பருத்தி போடச் சொன்னால் போடத்தான் வேண்டும். அதுவும் பொய்த்தபோது, மூட்டை முடிச்சோடு வடக்கே ஆலை நகரங்களுக்கு ரயிலேறியவர்கள் ஏராளம்.

வண்டை ஒழிக்கும் பெருமுயற்சி 1978-இல்தான் தொடங்கியது. இன்று அந்நாட்டில், டெக்ஸாஸின் தென்கோடி எல்லையில் மட்டும் அதனோடு போராட்டம் நடக்கிறது.