பழைய காரும் தானியங்கிக் கியரும்

முழங்கால் வலியால் கிளட்சை மிதிக்க இயலாத என் பெரியப்பா, ஓய்வுபெற்றபோது கிடைத்த பணத்தில் பழைய ஆட்டோமேட்டிக் கார் ஒன்று வாங்க விரும்பினார். பார்த்துவர ஒரு மெக்கானிக்குடன் நானும் சென்றேன். அன்று கற்றதை நண்பர்களுக்குச் சொல்கிறேன்.

அந்தக் காரில் எஞ்சினின் சுழற்சியைக் கியர்ப் பெட்டிக்குக் கடத்துவது டார்க் கன்வெர்ட்டரில் உள்ள எண்ணெய். கிளட்ச் தட்டுகளை இறுக்கிக் கியர் மாற்றுவதும் அவ்வெண்ணெயின் அழுத்தமே. அழுத்தம் குறைந்தால் கியர் பிடிக்காது.

மெக்கானிக் முதலில் பானட்டைத் தொட்டார். சூடாக இருந்தது. “எஞ்சின் ஆறட்டும் சார், மாலையில் வருகிறோம்” என்றார். காரணம் கேட்டேன். வயதாகி இறுகிய ரப்பர் சீல்கள் குளிர்ந்த நிலையில் அழுத்தத்தைக் கசியவிடும். சூடேறினால் இளகிக் குறையை மறைத்துவிடுமாம்.

மாலையில் பிரேக்கை மிதித்தபடி லீவரை ‘டி’ நிலைக்குத் தள்ளினார். ஓரிரு வினாடியில் பிடிக்க வேண்டிய கியர், நான்கு வினாடி கழித்து ‘டக்’கென்று இழுத்தது. அளவுக் குச்சியை எடுத்துப் பார்த்தோம். (பல புதிய கார்களில் இக்குச்சி இராது.) சிவந்து தெளிந்திருக்க வேண்டிய எண்ணெய் கறுத்துத் தீய்ந்த வாடை வீசியது, தட்டுகள் கருகியதன் அடையாளம் அது. சாலையில் ஏற்றம் வந்ததும் எஞ்சின் உறுமியது, வேகமோ கூடவில்லை.

“எண்ணெய் மாற்றினால் போதாதா?” என்றார் பெரியப்பா.

“தேய்ந்த தட்டு எண்ணெயால் வளராது சார்.”

பணம் வங்கிக்கே திரும்பியது. பழைய கார் பார்க்கப் போகும் நண்பர்களே, முதலில் பானட்டைத் தொட்டுப் பாருங்கள்!