ஊசி நூலோட காமிக் கானுக்கு

திருப்பூர் வீரபாண்டியில இருந்து பேசறேன்.

காலையில எட்டு மணிக்குப் பல்லடம் ரோட்டுல நின்னா, பனியன் கம்பெனிக்குப் போற கூட்டம் நம்மளைத் தாண்டிப் போகும். அவங்க போட்டிருக்கற டி-ஷர்ட்டைக் கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க. ஒரு தம்பி நெஞ்சுல நரூட்டோ இருக்கும். பின்னாடி வர்ற பொண்ணு ஸ்பைடர்மேன் போட்டிருக்கும். ரெண்டு பேரும் ஒரே கம்பெனியா இருக்கலாம். ஒருத்தர் ஓவர்லாக், இன்னொருத்தர் பேட்லாக்னு பக்கத்துப் பக்கத்து மெஷின்லயே உக்காந்து தைக்கறவங்களா இருக்கலாம். ஆனா உங்க டி-ஷர்ட்டுல இருக்கறது யாருன்னு ஒருத்தரை ஒருத்தர் கேட்டிருக்க மாட்டாங்க.

எனக்கு அது மனசுக்குக் கஷ்டமா இருக்குங்க. தேனி, மதுரை, பீகார், ஒடிசானு எங்கெங்கிருந்தோ வந்து, லைன் வீட்டுல தங்கி வேலை செய்யற ஊர் இது. வேலையில துணைக்கு ஆள் இருக்கும். பிடிச்ச கதையைப் பத்திப் பேச ஆள் இருக்காது. அந்த ஆளைத் தேடிக்கறதுக்குன்னே இருக்கற இடம்தான் ரசிகர் விழா. அங்க தனியாப் போயி, நல்லா இருந்துட்டு, நண்பர்களோட திரும்பறது எப்படின்னு இன்னைக்குப் பாக்கலாம்.

முதல்ல ஒரு சின்னக் கதை. 1939 ஜூலை, நியூயார்க். அறிவியல் புனைகதை ரசிகர்கள் சுமார் 200 பேர் சேர்ந்து முதல் உலக மாநாடு நடத்தறாங்க. அதுக்கு லாஸ் ஏஞ்சல்ஸ்ல இருந்து ஃபாரஸ்ட் அக்கர்மேன்னு ஒரு இளைஞரும், மிர்ட்டில் டக்ளஸ்னு ஒரு பொண்ணும் வர்றாங்க. ரசிகர்கள் அந்தப் பொண்ணைக் கூப்பிடற பேரு மோரோஜோ. ரெண்டு பேரும் எதிர்காலத்து மனுஷங்க மாதிரி உடை போட்டுட்டு வந்திருந்தாங்க. அந்த ரெண்டு உடையையும் தைச்சது மோரோஜோ. அடுத்த வருஷம் சிகாகோ மாநாட்டுல வேஷப் போட்டியே வெச்சுட்டாங்க. இன்னைக்கு உலகம் முழுக்க காஸ்பிளேன்னு சொல்றாங்களே, அதோட தொடக்கத்துல ஒரு பொண்ணு தைச்ச தையல் இருக்குதுங்க. இதைத் திருப்பூர்க்காரங்க நாம மறக்கவே கூடாது.

இந்த விழாக்கள் எல்லாமே சின்னதாத்தான் ஆரம்பிச்சுது. 1975 டிசம்பர்ல டோக்கியோவுல காமிகெட்ங்கற காமிக்ஸ் விழா தொடங்கினப்ப வந்தது 700 பேர்தான். அவங்க அவங்க வரைஞ்ச கதையை அவங்களே அச்சடிச்சுக் கொண்டுவந்து வித்தாங்க. இப்ப அங்க லட்சக்கணக்குல கூடறாங்க. நம்ம நாட்டுல காமிக் கான் இந்தியா 2011-ல டெல்லியில ஆரம்பிச்சுது. சென்னைக்கு அது முதல் தடவையா வந்தது 2024 பிப்ரவரி 17, 18 தேதியில, நந்தம்பாக்கம் வர்த்தக மையத்துல.

சென்னை தூரம்னு நெனைக்காதீங்க. சனிக்கிழமை சம்பளம் வாங்கின கையோட ராத்திரி சேரன் எக்ஸ்பிரஸ் ஏறினா, விடியும்போது சென்ட்ரல். அங்கிருந்து மெட்ரோவுல ஆலந்தூர், அப்புறம் ஒரு ஆட்டோ. டிக்கெட் மட்டும் முன்னாடியே எடுத்து வெச்சுக்கோங்க.

அதைவிடப் பக்கத்துல ஒண்ணு இருக்குது. ஆகஸ்ட் மாசம் ஈரோடு புத்தகத் திருவிழா நடக்கும். மக்கள் சிந்தனைப் பேரவை 2005-ல இருந்து நடத்தற விழா. அந்தச் சமயத்துல லயன், முத்து காமிக்ஸ் வாசகர்கள் ஈரோட்டுல கூடுவாங்க. 1972-ல இரும்புக்கை மாயாவி முத்து காமிக்ஸ்ல தமிழ் பேச ஆரம்பிச்சார். மின்சாரம் பட்டா உடம்பு மறைஞ்சு இரும்புக்கை மட்டும் தெரியுமே, அவரேதான். இங்கிலாந்துல பிறந்த ஆளு, சிவகாசி வழியா நம்ம வீட்டுக்கு வந்தார். அன்னைக்குப் பையனா இருந்து படிச்சவங்க இன்னைக்கு தாத்தா. அவங்களும் வருவாங்க, அந்தக் காமிக்ஸ்களோட எடிட்டர் விஜயனும் வருவார். நம்மூர்ல இருந்து ரயில்ல ஒரு மணி நேரத்துக்குள்ள போயிடலாம். பெரிய கூட்டத்தைப் பாத்தாக் கூச்சமா இருக்குதுன்னா, உங்க முதல் விழா ஈரோடாவே இருக்கட்டும்.

சரி, போயாச்சு. யாரையும் தெரியாது. எப்படிப் பேச்சை ஆரம்பிக்கறது?

நீங்க எதுக்கு ரசிகர்னு தூரத்துல இருந்தே தெரியணும். ஒரு டி-ஷர்ட், ஒரு பேட்ஜ், கையில ஒரு பழைய புத்தகம், ஏதாவது ஒண்ணு போதும். உங்ககிட்ட வந்து பேசணும்னு நெனைக்கறவருக்கு அதுதான் கதவு. அவரும் உங்களை மாதிரியே தயங்கிட்டுத்தான் நிக்கறார்.

அடுத்து, வரிசை. கையெழுத்து வாங்கற வரிசை, சாப்பாட்டு வரிசை, உள்ள போற வரிசைன்னு விழாவுல பாதி நேரம் நின்னுட்டேதான் இருப்போம். போனை எடுத்து நோண்டாதீங்க. முன்னாடி நிக்கறவரும் எங்கயும் போக முடியாது, நீங்களும் போக முடியாது. நம்ம பக்கத்து வழக்கம் இருக்கே, "ஏனுங்கண்ணா, நீங்க எந்தூருங்க?", அதையே கேளுங்க. அதுக்கப்புறம் ஒரு கேள்வி: "நீங்க முதல் முதல்ல படிச்சது எதுங்க?" அனிமே ரசிகர்னா, முதல்ல பாத்தது எதுன்னு கேளுங்க. இந்தக் கேள்விக்கு யாரும் ஒத்தை வார்த்தையில பதில் சொல்ல மாட்டாங்க. யார் வாங்கிக் குடுத்தாங்க, எந்தக் கடை, எந்த லீவுன்னு அவங்க சின்ன வயசே அந்தப் பதில்ல வந்துடும். முழுசாக் கேளுங்க. நட்புக்கு அதைவிட நல்ல ஆரம்பம் எனக்குத் தெரிஞ்சு இல்லை.

ஒண்ணு மட்டும் செய்யாதீங்க. "அப்படியா, அந்த எபிசோடுல வில்லன் பேரு என்ன சொல்லு?"ன்னு பரீட்சை வைக்காதீங்க. நேத்துத்தான் பாக்க ஆரம்பிச்சவரும் ரசிகர்தான். முக்கியமாப் பொண்ணுங்ககிட்ட இந்தப் பரீட்சை நெறைய நடக்குது. அப்படி ஒரு தடவை அவமானப்பட்டவங்க அடுத்த வருஷம் வர மாட்டாங்க.

இப்ப நம்ம ஊர்க்காரங்களுக்கு மட்டும் ஒரு விஷயம் சொல்றேன். பையில ஊசி, கருப்பு நூல், வெள்ளை நூல், பத்து ஊக்கு, நூல் வெட்ட ஒரு சின்ன டிரிம்மர், ரெண்டு பக்கமும் ஒட்டற டேப் எடுத்துட்டுப் போங்க. ரயில்ல போறதால டிரிம்மரை உறையில போட்டு வைங்க. நுழைவாயில் சோதனையில அது கூடாதுன்னு சொன்னா வெளியில வெச்சுடுங்க, ஊக்கும் டேப்பும் போதும். காஸ்பிளே போட்டு வந்தவங்களுக்கு மதியத்துக்குள்ள எங்கயாவது தையல் விட்டுடும். அங்கியோட கொக்கி பிஞ்சுடும், தோள்பட்டைப் பிடிப்பு அறுந்துடும். மாசக்கணக்கா உக்காந்து செஞ்ச உடை அது. அவங்க கண்ணு கலங்கி நிக்கற நேரத்துல, "இருங்க, நான் டைலர்தான், பாக்கட்டுங்களா?"ன்னு போயி நின்னா எப்படி இருக்கும் யோசிங்க. துணி எப்படி இழுக்கும், எந்த இடத்துல தாங்காதுன்னு உங்க கைக்குத் தெரியும். தைச்சு முடிக்கறதுக்குள்ள அவங்க பேரு, ஊரு, அந்த உடை செஞ்ச கதை எல்லாம் தெரிஞ்சுடும். கம்பெனியில ஒரு நாளைக்கு நூத்துக்கணக்கான பீஸ் நம்ம கையில போகுது, போட்டுக்கறவங்க முகம் தெரியாது. இங்க போட்டிருக்கறவங்க முகத்துக்கு நேரா தைக்கறோம். அந்தச் சந்தோஷம் ஒரு தடவையாவது உங்களுக்குக் கெடைக்கணும்.

தொடறதுக்கு முன்னாடி கேட்டுட்டுத் தொடுங்க. போட்டோ எடுக்கறதுக்கும் அதே மாதிரி. வேஷம் போட்டிருக்காங்கங்கறதுக்காக அவங்க மேல கை போடவோ, தெரியாமப் படம் எடுக்கவோ யாருக்கும் உரிமை கிடையாது. யாராவது அப்படிச் செய்யறதைப் பாத்தா, பேசாமத் தாண்டிப் போகாதீங்க. பக்கத்துல போயி நில்லுங்க, விழாப் பணியாளரைக் கூப்பிடுங்க. தனியா வந்த பொண்ணுக்கு அந்த நேரத்துல வேண்டியது அதுதான்.

சந்தோஷமா இருக்கறதுக்கும் ஒரு வழி சொல்றேன். எல்லா ஸ்டாலையும் பாத்தே தீரணும்னு ஓடாதீங்க. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணுன்னு ரெண்டே நிகழ்ச்சி குறிச்சுக்கோங்க. மத்த நேரம் ஒரே பக்கமா இருங்க. அப்பத்தான் காலையில பாத்த முகம் மறுபடியும் எதிர்ல வரும், ரெண்டாவது தடவை பாக்கும்போது சிரிப்பு தானா வரும். தண்ணி குடிங்க, நேரத்துக்குச் சாப்பிடுங்க, வீட்டுக்குப் போற காசைத் தனியா எடுத்து வைங்க.

கடைசியா, விழா முடிஞ்ச மறுநாள். எடுத்த போட்டோவை அனுப்பி, "நேத்து நீங்க சொன்ன கதையைத் தேடிட்டு இருக்கேனுங்க"ன்னு ஒரு வரி போடுங்க. மறுநாள் பேசாத பழக்கம் மறு வாரத்துல கரைஞ்சுடும். பக்கத்து ஊர்க்காரரா இருந்தா, ஞாயித்துக்கிழமை ஒரு பேக்கரியில டீக்குக் கூப்பிடுங்க. மூணு பேர் வந்தாலும் அது ஒரு சந்திப்புதான். அடுத்த வருஷம் மறுபடியும் அதே விழாவுக்குப் போங்க. 1939-ல வந்தவங்க 1940-லயும் வந்தாங்க, அதனாலதான் அது விழா ஆச்சு.

விழாவுக்கு இன்னும் மாசக்கணக்கு இருக்குதுன்னா, அதுவரைக்கும் காத்திருக்க வேண்டாம். நாளைக்கு டீ டைம்ல மெஷின் நிக்கும் இல்லீங்களா, அப்ப பக்கத்து மெஷின்காரர் டி-ஷர்ட்டைப் பாருங்க. "தம்பி, அதுல இருக்கறது யாரு கண்ணு?"ன்னு கேளுங்க. ஈரோட்டுக்குப் போற ரயில்ல உங்க பக்கத்து சீட்டுல உக்காரப் போறது அந்தத் தம்பியாக்கூட இருக்கலாம்.

போயிட்டு வாங்க.