பம்புசெட் மின்சாரத்தை நாமே கற்றுக் கொள்ளலாம்

இலையைப் பார்த்தே பயிருக்கு என்ன குறை என்று சொல்லிவிடும் நாம், கிணற்று மோட்டார் நின்றுவிட்டால் மட்டும் மெக்கானிக் வரும் வழியைப் பார்த்துக் காத்திருக்கிறோம். மின்சாரம் என்பது கல்லூரியில் படித்தவர்களுக்கே உரியது என்ற எண்ணம்தான் இதற்குக் காரணம். இந்த எண்ணம் சரியன்று. எழுதப் படிக்கவும் பெருக்கி வகுக்கவும் தெரிந்த எவரும் தம் பம்புசெட்டுக்கு வேண்டிய அளவு மின்சாரத்தைத் தாமே கற்றுக் கொள்ளலாம்.

நான் உழவியலில் முதுகலைப் பட்டம் பெற்றவன். மின்னியல் படித்தவன் அல்லன். ஒரு கோடையில் எங்கள் வீட்டுக் கிணற்று மோட்டார் இருமுறை எரிந்தது. நிலக்கடலை காய் பிடிக்கும் தருணம். இரண்டாம் முறை சுருள் கட்டி வருவதற்குள் பதினோரு நாட்கள் ஆயின. காயில் பாதி பொக்காயிற்று. "இவ்வளவு படித்தாயே, மோட்டார் ஏன் எரிந்தது என்று சொல்" என்று என் தந்தையார் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

சுருள் கட்டும் கடையில் மோட்டாரைப் பிரித்தபோது, மூன்று சுருள் தொகுதிகளில் இரண்டு கருகியிருந்தன. ஒன்று மட்டும் புதிதுபோல் இருந்தது. "ஒரு பேஸ் இல்லாமல் ஓடியிருக்கிறது" என்றார் கடைக்காரர். எங்களுடையது ஸ்டார் இணைப்பு மோட்டார். டெல்டா இணைப்பாயின் ஒரு தொகுதி மட்டும் கருகியிருக்கும். பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் தொடங்கி, கடைக்காரரிடம் கேட்டுக் கேட்டுப் படித்தேன். காரணம் எங்கள் மோட்டார் அறையிலேயே இருந்தது. மூன்று ஃபியூஸ்களில் ஒன்றில் சரியான கம்பியும், மற்ற இரண்டில் தடித்த செம்புக் கம்பியும் இருந்தன. சுமை கூடியபோது சரியான ஃபியூஸ் மட்டும் உருகியது. எஞ்சிய இரு முனைகளில் மோட்டார் முக்கிக் கொண்டே ஓடிக் கருகிவிட்டது. தடித்த கம்பியைச் சுற்றி வைத்தவன் நானேதான்.

தாமே கற்றவர்கள்

மைக்கேல் பாரடே 1791-இல் இங்கிலாந்தில் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தார். இளம் வயதில் புத்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலைக்குச் சேர்ந்து, அங்கு வந்த நூல்களைப் படித்தே மின்சாரத்தைப் பற்றி அறிந்தார். படித்ததைச் சிறு சோதனைகள் செய்து சரிபார்த்தார். 1831-இல் அவர் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் நம் கிணற்று மோட்டார் சுழல்வதற்கு அடிப்படை. கோவை ஜி.டி. நாயுடு (1893-1974) பள்ளிப் படிப்பை இடையில் விட்டவர். ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, பிரித்துப் பூட்டி இயந்திர நுட்பம் கற்றார். நாமும் இவ்வாறே, ஒன்றைப் படித்தவுடன் அதை நம் பம்புசெட்டில் பொருத்திப் பார்க்க வேண்டும்.

முதல் பாடம்: மோட்டார் தகடு

மோட்டாரின் மேல் உள்ள தகட்டில் குதிரைத்திறன், வோல்ட், ஆம்பியர், சுழற்சி வேகம் ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். 5 குதிரைத்திறன் மோட்டாரை எடுத்துக் கொள்வோம். ஒரு குதிரைத்திறன் 746 வாட். ஆகவே மோட்டார் தரும் திறன் 3,730 வாட். எடுக்கும் மின்சாரத்தில் 85 சதவீதம் வேலையாக மாறுவதாகக் கொண்டால், அது எடுப்பது சுமார் 4,390 வாட். இதனை 1.732, 415 வோல்ட், திறன் காரணி 0.82 ஆகியவற்றின் பெருக்கலால் வகுத்தால் ஏறத்தாழ 7.5 ஆம்பியர் வரும். மும்முனை மோட்டாருக்கு ஒரு குதிரைத்திறனுக்குச் சுமார் 1½ ஆம்பியர் என்று நினைவில் வைத்துக் கொள்ளலாம்.

இரண்டாம் பாடம்: தண்ணீரும் மின்சாரமும்

வோல்ட் என்பது தொட்டி நீரின் உயரம் போன்றது. ஆம்பியர் குழாயில் ஓடும் நீரின் அளவு. ஓம் குழாய் தரும் தடை. ஆனால் ஓர் இடத்தில் இந்த உவமை பொருந்தாது. தொட்டி நீர் தாழ்ந்தால் ஓட்டம் குறையும். மோட்டாரிலோ, வோல்ட் தாழ்ந்தாலும் இறைக்க வேண்டிய சுமை ஏறத்தாழ அப்படியே இருப்பதால் ஆம்பியர் கூடுகிறது. 415 வோல்ட் 340 ஆகக் குறைந்தால் 7.5 ஆம்பியர் ஏறத்தாழ 9 ஆகிறது. சுருளில் உண்டாகும் வெப்பம் ஆம்பியரின் இருமடிக்கு ஏற்ப உயருமாதலால், அது சுமார் ஒன்றரை மடங்காகிறது. தாழ்ந்த மின்னழுத்தத்தில் மோட்டார் எரிவது இதனால்தான்.

மூன்றாம் பாடம்: குறிப்பேடு

பேனலில் வோல்ட் மீட்டரும் ஆம்பியர் மீட்டரும் இல்லையெனில், உரிமம் பெற்ற மின் பணியாளரைக் கொண்டு பொருத்திக் கொள்ளுங்கள். நாள்தோறும் இரு அளவுகளையும் தேதியிட்டு எழுதி வாருங்கள். ஒரு மாதத்தில் உங்கள் மோட்டாரின் இயல்பான அளவு தெரிந்துவிடும். ஆம்பியர் கூடினால் வோல்ட் தாழ்ந்திருக்கலாம், அல்லது பேரிங் இறுகியிருக்கலாம். குறைந்தால் பம்பு போதிய நீர் எடுக்கவில்லை எனலாம்; கிணற்று நீர்மட்டத்தையும் ஃபுட் வால்வையும் பாருங்கள்.

எங்கே நிறுத்திக் கொள்வது?

ஃபியூஸ் மோட்டாரையும் கம்பியையும் காப்பதற்கு உள்ளது, ஆளைக் காப்பதற்கன்று. மோட்டார் எடுப்பது 7,500 மில்லி ஆம்பியர். மனித உடலுக்கோ 30 மில்லி ஆம்பியரே ஆபத்தாகலாம். அந்த அளவு மின்சாரம் உடலில் பாய்ந்தால் ஃபியூஸ் உருகாது. ஆகவே கீழ்க்கண்டவற்றைத் தவறாமல் கடைப்பிடிக்க வேண்டும்.

1. மின் கம்பத்திலும் டிரான்ஸ்பார்மரிலும் எக்காரணம் கொண்டும் கை வைக்கக் கூடாது.

2. ஸ்டார்ட்டரைத் திறப்பது, கம்பி மாற்றுவது ஆகியவற்றை உரிமம் பெற்றவரிடமே விட்டுவிடுங்கள். மெயின் சுவிட்சை அணைத்த பின்னும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

3. நில இணைப்பையும், மின்கசிவைக் கண்டு இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்சையும், ஒரு முனை போனால் மோட்டாரை நிறுத்தும் கருவியையும் அவரைக் கொண்டே அமைத்துக் கொள்ளுங்கள்.

4. மோட்டார் சுழலாமல் உறுமினால் உடனே நிறுத்துங்கள். மீண்டும் மீண்டும் போட்டுப் பார்க்க வேண்டாம்.

அப்படியானால் படித்து என்ன பயன் என்று கேட்கலாம். வந்த மின் பணியாளரிடம் சரியான கேள்வி கேட்கலாம். எரியும் முன்பே மோட்டாரை நிறுத்தலாம். தடித்த கம்பியைச் சுற்றாமல் இருக்கலாம். இன்று மாலையே வீட்டுப் பிள்ளையின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் மின்சாரப் பாடத்தைத் திறந்து, முதல் நான்கு பக்கங்களைப் படியுங்கள். நாளைக் காலையில் மோட்டார் தகட்டில் உள்ள எண்களைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிக் கொள்ளுங்கள்.